ஜெனவீவ் அம்மாவின் சனிக்கிழமைகள்

எனக்குத் தேநீரில் சர்க்கரை குறைவாக இருந்தால்தான் பிடிக்கும். மலேசியாவின் கெர்லிங் ஊரில் அதை நினைவு வைத்திருந்தவர் ஜெனவீவ் அம்மா ஒருவர்தான்.

என் பெயர் ரெய்மண்ட். 'ஏழாம் லயம்' தொலைக்காட்சித் தொடரை உருவாக்கி எழுதியவன். அதற்கு முன் நான் எழுதிய இரண்டு தொடர்கள் பாதியில் நிறுத்தப்பட்டன. இது அப்படியில்லை. இளைஞர்கள் இதன் வசனங்களைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். படப்பிடிப்பு நடந்த லயத்தை, அந்தப் பழைய தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை, பார்க்கத் தென்கோடி ஜொகூரிலிருந்தெல்லாம் வந்தார்கள்.

கதை ஜெனவீவ் அம்மாவுடையது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், கணவரை இழந்தவர். ஒரே மகள் ஃபியோனா, தான் காதலித்த திவாகரனைத்தான் கட்டிக்கொள்வேன் என்றபோது கன்னத்தில் அறைந்துவிட்டார். மறுநாள் மகள் வீட்டில் இல்லை. நான் அவரைச் சந்தித்தபோது அது நடந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. சனிக்கிழமைதோறும் அவர் சமையற்கட்டில் உட்கார்ந்து, அவர் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்வேன். அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"அவ எங்கயாச்சும் டிவி பார்ப்பால்ல தம்பி? அம்மாவா நடிக்கிறவங்கள ஒரு வார்த்த சொல்ல வைங்க. 'பாப்பு, அம்மா கதவ பூட்டல'ன்னு. அவளுக்குப் புரியும் லா."

சொல்ல வைத்தேன். இரண்டாம் சீசனின் கடைசிப் பகுதி அது. ஒளிபரப்பான நான்காம் நாள் என் அலுவலகத்துக்கு ஓர் அழைப்பு வந்தது.

"சார், நான் ஃபியோனா. பாப்புன்னு எங்கம்மா மட்டும்தான் கூப்பிடுவாங்க. அவங்க நல்லாருக்காங்களா?"

மூன்றாம் சீசனில் ஆறு பகுதிகளை எழுதி முடித்திருந்தேன். ஆறிலும் ஒரு தாய் காத்திருந்தாள். நான் அதிகம் யோசிக்கவில்லை.

"தவறிட்டாங்கம்மா. போன வருஷமே."

அவள் அழுது ஓயும்வரை ஃபோனை வைக்கவில்லை. அடுத்து கல்லறை எங்கே என்று கேட்பாள். அடுத்த கேள்வியை முன்கூட்டியே அறிவது என் தொழில். "எரிச்சிட்டாங்கம்மா. சாம்பல கோலா சிலாங்கூர்ல கரைச்சாச்சு" என்றேன். ஊருக்கு வந்து பார்க்க அவளுக்கு எதுவும் மிச்சமில்லை.

அந்தச் சனிக்கிழமையும் போனேன்.

"அவ பார்த்திருப்பாளா தம்பி?"

"பார்த்திருந்தா கூப்பிட்டிருப்பாங்களேம்மா."

முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, அடுப்பில் பால் பொங்கி வழிவது தெரியாமல் நின்றார். கைப்பேசி பதிவு செய்துகொண்டிருந்தது. அதை அப்படியே மூன்றாம் சீசனில் ஒரு காட்சியாக எழுதினேன். இன்றும் கடைத்தெருவில் என்னை நிறுத்துபவர்கள் அந்தக் காட்சியைத்தான் சொல்கிறார்கள்.

பிறகு மூன்று ஆண்டுகள். அவருக்குச் சாமான் வாங்கிக் கொடுத்தேன். கண் பரிசோதனைக்குக் கோலா குபு பாருவுக்குக் காரில் அழைத்துப் போனேன். அன்று குறித்துக்கொண்ட ஃபியோனாவின் எண் என் சட்டைப்பையில் இருந்த கைப்பேசியில் இருந்தது. அதை அழிக்கவும் மனம் வரவில்லை, அழைக்கவும் மனம் வரவில்லை. சென்ற பிப்ரவரியில் அவர் இறந்தார். சவப்பெட்டியை நானும் தூக்கினேன். "பெத்த பிள்ள மாதிரி பார்த்துக்கிட்டீங்க" என்றார் ஃபாதர் காப்ரியல். நான் மறுக்கவில்லை.

செய்தது நான்தான். உயிரோடிருந்த தாயை மகளுக்கு இல்லாமல் செய்தேன். தேடிவந்த மகளைத் தாயிடமிருந்து மறைத்தேன். அவர் காத்திருப்பது எனக்குத் தேவைப்பட்டது.

உறுத்தல் இல்லாமலில்லை. அதனால்தான் ஐந்தாம் சீசனின் கடைசிப் பகுதியில் மகளைத் திரும்பி வரவைத்தேன். தாய் அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டே இருப்பாள். காட்சி நன்றாக வந்திருக்கிறது. ஃபியோனாவும் பார்த்திருப்பாள். அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.