இருபதடி நெட்டை

முத்தமிழ்: ...அதாவது அக்கா, மொதல்ல வந்தது குட்டை.

தென்றல்: நாலு வருசம் கழிச்சு வந்திருக்க. காபியைக்கூட தொடாம குட்டை நெட்டைங்கற... எதுடா குட்டை?

முத்தமிழ்: விமானந்தான். எழுநூத்தி இருபத்தேழுன்னு ஒரு மாடல். மூணு இன்ஜின், மூணும் பின்பக்கம். மொதல்ல குட்டையாத்தான் செஞ்சாங்க. ஏற ஆளு நெறைய, சீட்டு பத்தல...

தென்றல்: அதுக்கு?

முத்தமிழ்: றெக்கைய தொடல, வாலைத் தொடல. றெக்கைக்கு முன்னால பத்தடி, பின்னால பத்தடி சேத்து இழுத்துட்டாங்க.

தென்றல்: வளர்ற புள்ளைக்குப் பாவாடையில ஒட்டு வைக்கிற மாதிரி.

முத்தமிழ்: அதேதான்! அப்புறம் குட்டையவிட நெட்டைதான் நெறைய வித்துச்சு...

தென்றல்: தம்பி, ஏன் இப்படி வேர்க்குது?

முத்தமிழ்: ...வெயில்.

தென்றல்: ஃபேனுக்குக் கீழ என்னடா வெயில்? பழைய விமானத்த வாங்கி ஓட்டல் வைக்கிறியாமே, ஊரே பேசுது. எங்க வருது?

முத்தமிழ்: பெரம்பலூர் தாண்டிட்டான். ரெண்டா அறுத்து ரெண்டு லாரி. சாயங்காலம் சோழபுரம் வந்துரும். கிரேன் வந்து நிக்குது.

தென்றல்: கோயிலுக்கு வர்ற பஸ்ஸெல்லாம் இனி உன் வாசல்லதான். சந்தோசந்தானே?

முத்தமிழ்: அது உக்கார குட்டைக்கு அளவெடுத்து காங்கிரீட் மேடை போட்டுட்டேன்க்கா.

தென்றல்: வர்றது?

முத்தமிழ்: நெட்டை. ரெண்டுக்கும் பேரு ஒண்ணுதான்... ஏஜென்ட் தங்கராசு காலையில போட்டோ அனுப்புனப்பதான் தெரிஞ்சுது.

தென்றல்: முன்னால தள்ளி வையேன்.

முத்தமிழ்: முன்னால ரோடு. பின்னால...

தென்றல்: பின்னால?

முத்தமிழ்: உன் முந்திரித் தோப்பு. வாலுக்கடியில ஒரு படிக்கட்டு வேற இருக்கு. எறக்குனா நேரா அங்கதான்... பாகம் பிரிச்ச அன்னைக்கு எல்லைக்கல்ல ஒரு சாண் நகர்த்த நான் விடல. இப்ப எந்த மூஞ்சிய வச்சுகிட்டு இருபதடி கேக்க? பயமா இருக்குக்கா. லாரி ரோட்டுலயே நிக்கும். ஊரே சிரிக்கும்.

தென்றல்: கேட்டுத்தான் பாரேன்.

முத்தமிழ்: ...குடுப்பியா?

தென்றல்: அந்த ஓரத்து மரத்தையெல்லாம் நேத்தே வெட்டியாச்சு.

முத்தமிழ்: நேத்தா? எனக்கே இன்னிக்கு காலையிலதானே...

தென்றல்: தங்கராசு உன் மாமாவுக்கு ஒண்ணுவிட்ட தம்பிடா. குட்டை, நெட்டை ரெண்டும் கெடக்கு, எதை ஏத்தட்டும்னு என்கிட்ட கேட்டான். நெட்டைய அனுப்புன்னு சொன்னதே நாந்தான். வேற எப்படி நீ இந்த வூட்டுக்கு வருவ?