அதிர்வேட்டு என்று நினைத்தோம்

படிக்கட்டில் நான் இறங்குகிறேன். ஹாஜா ஏறுகிறான்.

“ஹாஜா, கீழ வாடா. ஏறாத.”

“இருடா. வீட்டுக்குப் படம் அனுப்பணும்.”

முதல் சத்தம் தூரத்தில் கேட்டது. டும். ஒற்றையாக, கனமாக. நன்னிலத்தில் சாமி புறப்பாட்டுக்கு அதிர்வேட்டு போட்டால் இப்படித்தான் கேட்கும். கேட்டவுடன் ஊரே வாசலுக்கு வரும். அந்தப் பழக்கத்தில் இருவரும் மொட்டைமாடிக்கு ஓடினோம். எழுந்த புகையைப் பார்த்ததும் நான் இறங்கிவிட்டேன். அவனும் வந்தான். அறையில் போனை எடுத்துக்கொண்டு அவன் திரும்ப ஏறுகிறான், நான் தெருவுக்கு இறங்குகிறேன்.

அது வளைகுடாத் துறைமுகம். வேலையாட்கள் விடுதி. எண்ணெய்க் குழாய்களுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை. அங்கே ஊர்க்காரன் என்று எனக்கு இருந்தவன் ஹாஜா ஒருவன்தான். அன்று காலை அக்கா போனில் பேசினாள். ஊரில் குறுவை நடவு முடிந்த நாள்.

இரண்டாவது சத்தத்துக்கு முன் ஒரு சீறல். கோடித் துணியைக் கிழிப்பதுபோல். பிறகு மாடி இல்லை.

குண்டு போட்ட வல்லரசின் தலைவர் டிவியில் பேசினார். இந்த நாட்டு மக்களைக் காப்பாற்ற வந்தோம் என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. குண்டு எங்கே விழுந்தது என்று பார்த்தவன் நான். ரொட்டிக்கடை போயிற்று. பள்ளிக்கூடம் போயிற்று. எண்ணெய் ஏற்றும் துறையில் ஒரு கீறல் இல்லை. நாங்கள் அடித்த பச்சைப் பெயின்ட் அப்படியே பளபளத்தது. அவர்களுக்கு எண்ணெய் வேண்டும். தேர்தல் வேறு நெருங்கியது. தோற்கவிருந்த தலைவருக்கு எங்காவது ஒரு வெற்றி வேண்டும்.

இப்போது நன்னிலத்தில் இருக்கிறேன். டீக்கடையில் கேட்கிறார்கள்.

“எதுக்குண்ணே அந்தச் சண்ட?”

சொல்கிறேன்.

“டிவில வேற மாதிரில்ல சொன்னாங்க?”

அதோடு பேச்சு மேட்டூர்த் தண்ணீருக்குப் போய்விடுகிறது. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். வயல் காய்கிறது. ஆனாலும் அந்த பெஞ்சில் நான் தனியாள்தான்.

நேற்று கோயிலில் அதிர்வேட்டு. தெருவே வாசலில் நின்றது. நான் கட்டிலுக்கு அடியில் கிடந்தேன். அங்கிருந்து கத்தினேன். “ஹாஜா, கீழ வாடா.”

இழந்தவை இவை. ஓர் அறை, இரண்டு கட்டில். காலையில் கடன் சொன்னாலும் சிரிக்கிற ரொட்டிக்கடைக்காரர். அவர் மகள். பள்ளிக்கூடத்தில் எத்தனை பேர் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஹாஜா. அடக்கம் செய்ய அவன் வலது கை மட்டும் கிடைத்தது. நான்தான் அடையாளம் சொன்னேன். நகக்கண்ணில் பச்சைப் பெயின்ட் இருந்தது.