அடுத்த சிப் வரட்டும்

பெரியநாயக்கன்பாளையத்தில் புது கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் பலரும் என்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கடைக்குப் போவார்கள். பம்ப் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. புது பிராசஸர் வருகிறது என்று கம்பெனிக்காரர்கள் காட்டும் படங்களை நான் லேசில் நம்ப மாட்டேன். கொஞ்சூண்டு வித்தியாசத்தை மலையும் மடுவும் போலக் காட்டுவதில் கெட்டிக்காரர்கள். கசிந்த தகவல் என்று இணையத்தில் உலவுவது பெரும்பாலும் புருடா. வரட்டும், பார்த்துவிட்டு வாங்கலாம் என்பேன். நல்ல யோசனைதான் அது. இன்றைக்கும் அதையே சொல்வேன்.

என் மனைவி லோகப்பிரியாவுக்கும் அதையேதான் சொன்னேன். வீடு கட்டுகிறவர்களுக்கு முகப்புப் படம் செய்து தருபவள் அவள். இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டாத வீட்டை, வெயிலும் நிழலும் விழ, குடிபோகத் தயாரானது போலத் திரையில் நிறுத்திவிடுவாள். எங்கள் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது, புதிது வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மார்கழிக் கடைசியில் அமெரிக்கக் கண்காட்சியில் ஒரு சிப்பை அறிவிப்பார்கள். கடைக்கு வரட்டும் என்பேன். வைகாசியில் தைவான் கண்காட்சி. அதைவிடப் பெரிதாக ஒன்று அடிபடும். அடுத்து ஆடி, ஆடியில் புது சாமான் வாங்க அவள் அம்மாவே விட மாட்டார். ஐப்பசியில், வந்த சிப் அடுப்பாகக் கொதிக்கிறது என்று விமர்சனம் வரும். பிறகு மறுபடியும் மார்கழி.

"ஏனுங்க, அடுத்ததாச்சும் நல்லா இருக்குமுங்களா?"

"அப்படித்தான் பேசிக்கிறாங்க. பொறு கண்ணு, பாக்கலாம்."

இதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. சொல்லாமல் விட்டது ஒன்றுதான். அவள் வேலைக்கு அந்தப் பழைய கம்ப்யூட்டரே தாராளமாகப் போதும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பெங்களூரில் ஒரு கட்டடக்கலை நிறுவனம் அவள் படங்களைப் பார்த்துவிட்டு, ஒரு வேலையைக் கொடுத்துச் செய்து காட்டச் சொன்னது. தேறினால் அங்கேயே உத்தியோகம். "ரெண்டு பேருமே போயிரலாமுங்க" என்று குதித்தாள். ரெண்டு பேரும் என்றுதான் சொன்னாள். இங்கே நான் நாலு பேர் யோசனை கேட்கிற ஆள். அங்கே லோகப்பிரியாவின் வீட்டுக்காரன். எனக்கு அது பொறுக்கவில்லை.

அப்பாவிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று வெள்ளகோவிலுக்குப் போனாள். அன்றைக்கு நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பிராசஸரின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். யாரும் மாற்றிவிடாதபடி கடவுச்சொல் போட்டுப் பூட்டினேன். ஒரு திருகாணியைக்கூடக் கழற்ற வேண்டியிருக்கவில்லை.

பெங்களூர் வேலை கெடுவுக்குள் முடியவில்லை. தவணை கேட்டு வாங்கினாள், அப்போதும் முடியவில்லை. நான் காபி போட்டுக் கொடுத்தேன், தோளைப் பிடித்துவிட்டேன். எவ்வளவு அன்பாக நடந்துகொண்டேன் என்பதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. பிறகு உள்ளூர் வேலைகளையும் ஒவ்வொன்றாக விட்டுவிட்டாள்.

போன மாதம் அவள் அப்பா கந்தப்பன் வந்திருந்தார். அவரிடம் அவள் சொன்னது பக்கத்து அறையில் எனக்குக் கேட்டது. "எனக்கு மூளையே மந்தமாப் போச்சுங்கப்பா. மெசினைக் கொற சொல்லி என்ன பண்றதுங்க? இவரா இருக்கப்போயி ஒரு வார்த்தை சொல்றதில்லீங்க."

கிளம்பும்போது அந்த மனிதர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க நல்லா இருக்கோணுமுங்க மாப்பிள்ளை." நான் கூனிக் குறுகிப்போனேன். அவரை பஸ் ஏற்றிவிட அவள் போனதும், பூட்டை எடுத்து முழு வேகத்துக்குத் திறந்துவிட்டேன்.

மறுநாள் காலை எதற்கோ, முன்பு செய்த வீட்டுப் படம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் மறுபடி உருவாக்கவிட்டுப் பார்த்தாள். முன்பெல்லாம் மத்தியானச் சாப்பாட்டு நேரம் வரை இழுத்துக்கொண்டிருந்தது, பதினோரு மணி டீக்குள் முடிந்துவிட்டது.

"என்னங்க பண்ணுனீங்க?"

சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். "தூசி தட்டிப்போட்டேன்" என்றேன்.

என் கையை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். "நான் மந்தமில்லீங்க. பாருங்க, நான் மந்தமில்லீங்க" என்று அழுதாள். பிறந்ததிலிருந்து நான் அப்படி வெட்கப்பட்டதில்லை.

அதற்குப் பிறகு வீடு வீடாக வரைந்து தள்ளினாள். பெங்களூருக்கு மறுபடியும் எழுதினாள். நேற்று பதில் வந்தது. இன்னொரு வேலை அனுப்புகிறார்களாம், செய்து காட்ட வேண்டுமாம். எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். இன்று காலை காரமடை ரங்கநாதர் கோவிலுக்குப் போயிருக்கிறாள். வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.

நான் அடியோடு வெட்கம் கெட்டவன் அல்ல. அதனால்தான் இந்தத் தடவை பாதிக்கு இறக்கவில்லை. முக்கால் வேகம் விட்டுவைத்திருக்கிறேன்.