லேப்டாப்புக்கு வாங்கிய பூட்டு

லேப்டாப் ஏன் வருஷா வருஷம் மெலிந்துகொண்டே போக வேண்டும் என்று எனக்குப் புரிந்ததே இல்லை, சார். பழையதில் ஓரமாகப் பூட்டு மாட்ட ஒரு துளை இருக்கும். கேபிளை மேஜைக் காலில் சுற்றி, அதன் முனையிலிருக்கும் பூட்டைத் துளையில் செருகித் திருகிவிட்டால் போதும், திருடன் மேஜையோடுதான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். புதிதாக வந்தவை அட்டை மாதிரி இருந்தன. துளைக்கு இடமே இல்லை. அதைப் பார்க்காமல் ஒரு பெட்டி நிறையக் கேபிள் பூட்டு ஆர்டர் போட்டது நான்தான். ஆபீஸில் நாற்காலி முதல் துடைப்பம் வரை என் பொறுப்பு.

அவசரப்பட்டதற்குக் காரணம் என் தங்கை வீட்டுக்காரர். அவரை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, அவர் சாப்பிடப் போன நேரம் பார்த்து, மேஜையிலிருந்த லேப்டாப்பை எவனோ சுருட்டிக்கொண்டு பின்படி வழியாக இறங்கிப் போய்விட்டான். "உங்க மாப்பிள்ளைதானே? வீட்டுலயும் ஒரு தடவ தேடிப் பாருங்க," என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? நான் மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "இன்னொண்ணு காணாமப் போச்சுன்னா, என் மானமும் அதோட போயிடும்."

"கண்ணுல வச்சுப் பாத்துக்கறேன் மச்சான்," என்றார். சொன்ன சொல் தவறாத மனுஷன். அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

பூட்டுகள் வந்தன. மாட்ட இடமில்லை. துளை வைத்த சின்னத் தகடு ஒன்று கிடைக்கிறது, லேப்டாப்பின் மேல் பசை போட்டு ஒட்டிக்கொள்ளலாம் என்றார்கள். வாங்கி ஒட்டினேன். லேப்டாப் சூட்டில் பசை இளகி, இழுத்த இழுப்பில் தகடு கையோடு வந்துவிட்டது. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். மேனேஜர் காதுக்குப் போனால் அடுத்த ஒரு மாதத்துக்கு அவருக்குச் சிரிக்க விஷயம் கிடைத்துவிடும்.

அப்புறம்தான் தோன்றியது. லேப்டாப்பைப் பூட்ட முடியாவிட்டால் போகட்டும், அதைக் கொண்டுபோகிற வழியைப் பூட்டிவிடலாமே. பின்படிக்குத் திறக்கிற கதவு, தீப்பிடித்தால் இறங்குவதற்கென்று வைத்தது. மற்றபடி அதை யாரும் தொடுவதில்லை. வெளிப்பக்கம் சுவரோரமாக ஒரு தண்ணீர்க் குழாய் போகிறது. கேபிளை அதில் சுற்றி, கதவின் கைப்பிடி வழியாக இழுத்து, அந்தத் தகட்டிலேயே பூட்டினேன். தகடு கைப்பிடிக்குள் நுழையாது, கதவு அசையாது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது என்ன பாதுகாப்பு? அதற்குப் பிறகு ஒரு லேப்டாப்கூடக் காணாமல் போகவில்லை, சார்.

தீப்பிடித்தது மத்தியானத்தில். எல்லாரும் முன்வாசல் வழியாக இறங்கி வெளியே நின்றோம். மாப்பிள்ளை இல்லை. "அவர் இறங்கிட்டாரே, லேப்டாப்ப விட்டுட்டேன்னு திரும்ப ஓடினார்," என்று யாரோ சொன்னார்கள். நான் பின்படிக்கு ஓடினேன். அதுவரை என்மேல் யாரும் குறை சொல்ல முடியாது.

கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி உண்டு. அதன் வழியாகப் பார்த்தேன். ஒரு கையால் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் பட்பட்டென்று கதவில் அடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் புகை. என்னைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. லேப்டாப்பைத் தூக்கிக் காட்டினார்.

சாவி என் கையில் இருந்தது. என் பின்னாலேயே ஓடி வந்த மேனேஜரிலிருந்து எல்லாரும் கீழே நின்று அந்தப் படியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது பூட்டைத் திறந்தால், பூட்டியது யார் என்று அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். தெருமுனையில் தீயணைப்பு வண்டியின் மணி கேட்டது. வண்டி வந்தால் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புவார்கள். அதுவரைதான் என்று நினைத்தேன். பூட்டு தெரியாதபடி முதுகால் மறைத்துக்கொண்டு, கொஞ்சம் பொறுங்கள் என்று அவருக்குக் கையைக் காட்டினேன். அவர் சரியென்று தலையாட்டினார். நான் சொன்னால் எதையும் கேட்டுக்கொள்வார்.

வண்டி வந்தது. எல்லாரும் திரும்பினார்கள். அதற்குள் கதவில் அடிக்கிற சத்தம் நின்றிருந்தது. பூட்டைத் திறந்து, கேபிளைச் சுருட்டிப் பேண்ட் பையில் போட்டுக்கொண்டு, உள்ளே போய் அவரைத் தூக்கி வந்தேன். என் கை வெந்தது அப்போதுதான். லேப்டாப்புக்கு ஒரு கீறல் இல்லை.

தங்கையும் அவள் மகளும் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறார்கள். "அத்தன பேரு நின்னாங்க, நீ ஒருத்தன்தான்ணே போனே," என்று சொல்லிச் சொல்லி என் கைக்கு மருந்து போடுகிறாள். அந்தக் குழந்தை நான் குளிக்கப் போனால் வந்து கதவில் அடிக்கும். விரலால் தட்டாது, அவள் அப்பாவைப் போலவே உள்ளங்கையால் அடிக்கும். "மாமா, கதவத் தொற." வீட்டிலிருந்த தாழ்ப்பாள்களை எல்லாம் கழற்றிவிட்டேன். ஏன் என்று தங்கை கேட்டாள், துரு என்றேன். தாழ்ப்பாள் இல்லாத கதவிலும் குழந்தை அடிக்கத்தான் செய்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, சார். அதனால்தான் வந்தேன்.

இல்லாவிட்டால் நீங்கள் கண்டுபிடித்திருக்க மாட்டீர்கள். என் தைரியத்தைப் பாராட்டித்தான் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள் என்று நினைத்துத் தங்கையும் கூடவே வந்திருக்கிறாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். என்னால் அவளிடம் சொல்ல முடியாது. உங்கள் ஆள் யாராவது போய்ச் சொல்லட்டும். அதற்கு முன்னால் இந்தக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். கேட்டதும் ஓடி வந்து தட்டுவாள். உடனே திறந்துவிடாதீர்கள், சார். கொஞ்சம் பொறுத்தால் போதும், அது தானாகவே நின்றுவிடும்.