பின்னால் தாங்கிய கைகள்

இரவின் எட்டாம் மணி, நடுநிசி தாண்டிய நேரம். நிலா இறங்கிவிட்டது. ஆற்றங்கரையிலிருந்து நம் கல்லறைத் தொழிலாளர் ஊருக்கு ஏறும் மணல் பாதையில் ஒருத்தி மட்டும் வேகமாக நடந்தாள். மருத்துவச்சி தமெகெத்... இதோ, தூங்குவதுபோல் நடிக்கிறானே பென்னுப், இவனுடைய சொந்தச் சித்தி. நம்பாதவர்கள் அவனையே உலுக்கிக் கேளுங்கள்.

பேறு பார்க்க இருவர் வேண்டும். முன்னால் ஏந்துகிறவள் இசிஸ் தேவிக்குச் சமம், பின்னால் தாங்குகிறவள் அவள் தங்கை நெஃப்திஸ் தேவிக்குச் சமம். பிள்ளைத்தாய்ச்சிக்கும் பிணத்துக்கும் துணை நிற்பவள் அந்த நெஃப்திஸ். அன்றைக்குத் தமெகெத்தின் கூட்டாளிக்குக் காய்ச்சல். தனியாகத்தான் வந்தாள்.

வலியில் கிடந்தவள் ஹுன்ரோ. நெப்நகத்தின் இரண்டாம் தாரம். மூத்தவள் வெப்கெத் பிரசவத்தில் செத்துப்போனாள். அவள் சிலையை மாடத்தில் வைத்து, முதல் ரொட்டியை அதன் முன் படைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் அவன் சாப்பிடுவான். ஹுன்ரோவுக்கு வயிறு எரிந்தது. செத்தவளுக்குச் சூடான ரொட்டி, உயிரோடிருப்பவளுக்கு மிச்சமா? எனக்கும் எரிந்திருக்கும். ஆனால் அவள் சிலையில் மையால் எழுதியிருந்த பெயரை ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். பெயர் அழிந்தால் செத்தவர் மறுபடி சாவார்... நாம் அறியாததா?

தமெகெத் உள்ளே போனபோது ஹுன்ரோ பேற்றுச் செங்கற்கள்மேல் குந்தியிருந்தாள். விளக்கு முன்னால். முதுகுப்பக்கம் இருட்டு. அங்கிருந்து இரண்டு கைகள் அவளைத் தாங்கியிருந்தன. பக்கத்து வீட்டுக்காரி என்று தமெகெத் நினைத்துக்கொண்டாள்.

"முக்குடி... தல தெரியுது!"

"அக்கா... உன்கூட வந்தவ கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?"

"என்கூட எவடி வந்தா? நான் ஒண்டியாத்தானே வந்தேன்..."

சர்... சர்... துணிப்பட்டை உரசும் சத்தம். உப்பும் பிசினும் கலந்த நெடி. பிணம் பதப்படுத்தும் கூடாரத்து நெடி.

பெண் குழந்தை வந்து விழுந்தது. அழவில்லை. பிள்ளை பிறந்ததும் தாய் வாயில் வரும் பெயர்தான் அதற்குப் பெயர். ஹுன்ரோ வாயைத் திறந்தாள். அவள் காதோரம் ஒரு குரல் முந்திக்கொண்டது.

"வெப்கெத்."

குழந்தை வீறிட்டது. பின்னால் தாங்கிய கைகளைக் காணோம்.

வாசலில் நின்ற நெப்நகத் அழுதுகொண்டே ஓடி வந்தான். "நீயாவே அவ பேர வெச்சியா? உனக்கு எவ்ளோ நல்ல மனசுடி!" சொன்னவன் குழந்தையைத்தான் பார்த்தான், இவளை இல்லை.

துடைத்த பெயரை இப்போது அவளே நாளுக்கு இருபது தடவை கூப்பிடுகிறாள். குழந்தை எதிரே தவழ்ந்து வருகிறது. 'ம்' என்ற பதில் மட்டும்... அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறது.