மூன்றாம் எண் தொட்டியில் தள்ளப்பட்ட செய்திகள்

என் பெயர் பாங் சொங்-உக். வயது முப்பத்து நான்கு. தொங்யோங் நகரில், துறைமுகச் சாலை அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆறாம் மாடியில் தனியாக வசிக்கிறேன். கப்பல் கட்டும் தளத்துக்கு ஒப்பந்தத்தில் வேலை செய்யும் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஏழு ஆண்டுகளாக இருக்கிறேன். இந்த மாதம் ஒன்பதாம் தேதி இதே காவல் நிலைய அறையில் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அது பொய். இன்று யாரும் அழைக்காமல் நானாக வந்து இதைச் சொல்கிறேன்.

கப்பலின் அடித்தொட்டிகளுக்குள் பெயின்ட் அடிப்பவர்களின் ஹெல்மெட்டில் ஒரு சில்லு ஒட்டியிருக்கும். தொட்டியின் வாயில் உள்ள ரீடர் அதைப் படித்து, இன்னார் உள்ளே போனார், இன்னார் வெளியே வந்தார் என்று செய்தி அனுப்பும். அந்தச் செய்திகளை வாங்கிக் கணக்கிட்டு, உள்ளே எத்தனை பேர் என்று வாசலில் உள்ள பலகையில் காட்டுவது என் வேலை. பலகையில் பூஜ்யம் வந்தால்தான், பெயின்ட் ஆவியை வெளியேற்றும் காற்றாடியை நிறுத்தி மூடியைப் போட வேண்டும் என்பது தளத்தின் விதி.

மூன்றாம் எண் தொட்டியின் காவலர் ஓக் சுன்-தேக், வயது அறுபத்தேழு. சாப்பாட்டுச் சங்குக்கு முன்பே ஆட்கள் மேலே ஏறி வாசலைச் சுற்றி நின்று கதையளப்பார்கள். ரீடர் அவர்களைத் திரும்பத் திரும்பப் படித்து, உள்ளே, வெளியே என்று மாற்றி மாற்றி அனுப்பும். பலகை ஒருபோதும் பூஜ்யத்துக்கு வராது. ஓக் தினமும் தலையை உள்ளே விட்டுக் கத்திப் பார்த்துவிட்டு, கடைசி ஆளாகச் சாப்பிடப் போவார். மார்ச் மாதம் ஒருநாள் என் கையில் ஒரு டின் காப்பியைத் திணித்து, "தம்பி, உன் பலகை என்னை நிம்மதியாச் சாப்பிட விடமாட்டேங்குது. போறதுக்குள்ள சூப்புல தண்ணிதான் மிச்சம். ஏதாவது பண்ணேன்" என்றார்.

அதன் பிறகு நான் மென்பொருளில் ஒரு விதி எழுதினேன். ஒரு சில்லிடமிருந்து ஒரு செய்தி வந்தால், அடுத்த பத்து நிமிடத்துக்குள் அதே சில்லிடமிருந்து வருவது எதுவானாலும் கணக்கில் சேர்க்காமல் தள்ளிவிட வேண்டும். தள்ளும் ஒவ்வொரு செய்தியிலிருந்தும் பத்து நிமிடம் புதிதாகத் தொடங்கும். எழுத அரை மணி நேரம்கூட ஆகவில்லை. யாரிடமும் காட்டவில்லை. பலகை அடங்கியது. ஓக்கும் தலையை உள்ளே விட்டுக் கத்துவதை நிறுத்தினார். எனக்கு அதில் பெருமைகூட இருந்தது. இப்போது நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

இந்த மாதம் ஐந்தாம் தேதி 11.52க்கு, பெயின்ட் அடிக்கும் பெண் தொழிலாளி தாக் மல்-சூன், வயது ஐம்பத்தெட்டு, அந்தத் தொட்டியிலிருந்து வெளியே வந்தார். உடன் வேலை செய்யும் யாங் மி-ரானிடம், "நீ போய் வரிசையில இடம் பிடிடி. பிரஷ்ஷைத் தின்னர்ல ஊறப்போடாம வந்துட்டேன், ஒரு மணிக்குள்ள கல்லாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு 11.54க்குத் திரும்ப இறங்கினார். இதை மி-ரான் பின்னர் என்னிடம் கூறினார். அப்போது மழை தூறியதால் ஓக் மூடியை எடுத்துவரப் போயிருந்தார். 11.58க்குப் பலகையில் பூஜ்யம் வந்தது. அதன் பிறகு ஓக் காற்றாடியை நிறுத்தி, மூடியைப் போட்டு, இரண்டு பிடிகளையும் இறுக்கிவிட்டுச் சாப்பிடப் போனார். ஒரு மணிக்குத் திறந்தபோது தாக் மல்-சூன் ஏணியின் மேற்படியில், கம்பியில் கை கோத்தபடி இறந்திருந்தார்.

அதன் பிறகு என் மேலாளர் பியொன் என்னை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். "ரீடர் சில்லைப் பிடிக்கலைன்னு சொல்லு. சுத்தி இரும்பு, அலை சரியாப் போகாதுன்னா எவனும் மறுக்கமாட்டான். அந்தப் பெருசை வயசைப் பார்த்து விட்டுடுவாங்க. உனக்கு இன்னும் வாழ்க்கை இருக்குடா" என்றார். தள்ளப்பட்ட செய்திகள் ஒரு கோப்பில் சேரும், அதை என்னைத் தவிர யாரும் திறப்பதில்லை என்பதையும் நான் அவரிடம் சொல்லியிருந்தேன். அழிக்கச் சொன்னார். அழித்துவிட்டேன் என்றேன். அழிக்கவில்லை. பயத்தில் ஒன்பதாம் தேதி அவர் சொன்னபடியே இங்கே சொன்னேன்.

அதற்கு முன்பே, ஏழாம் தேதி இறுதிச் சடங்கு மண்டபத்தில் இறந்தவரின் மகள் என்னிடம், "எங்கம்மா ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா, அண்ணா?" என்று கேட்டார். "இல்லம்மா. இறங்கினதுமே மயங்கியிருப்பாங்க, ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்றேன். அதுவும் பொய். நேற்று ஓக் சுன்-தேக்கைக் கைது செய்தார்கள் என்று கேள்விப்பட்டேன். போகும்போது அவர், "பார்க்காம மூடினது நான்தான்" என்று மட்டும் சொன்னாராம்.

அந்தக் கோப்பை இத்துடன் ஒப்படைக்கிறேன். 11.54க்கு உள்ளே போன செய்தி அதில் இருக்கிறது. ரீடர் பிடித்தது. நான் தள்ளினேன். அதன் பிறகு 12.01 முதல் 12.26 வரை அதே சில்லிடமிருந்து ஆயிரத்து நூற்று எண்பத்து மூன்று செய்திகள் வந்திருக்கின்றன. ஏணியின் மேற்படிக்கு ஏறி மூடிக்கு நேர் கீழே நின்றால் மட்டுமே ரீடர் அப்படிப் படிக்கும். நடுவில் எங்கும் பத்து நிமிட இடைவெளி இல்லை. ஒன்றே ஒன்று தள்ளப்படாமல் போயிருந்தால் பலகையில் ஒன்று என்று வந்திருக்கும்.

மேலாளரின் கட்டாயத்தால் விதியை எழுதினேன் என்று குறிக்கலாமா என்று அதிகாரி கேட்டார். வேண்டாம், அதை எழுதியது நான் மட்டுமே என்றேன்.

மேலே உள்ளதை அதிகாரி வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை. இதன் நகல் ஒன்று இறந்தவரின் மகளுக்குக் கொடுக்கப்பட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்திலும் பெருவிரல் ரேகை வைத்துள்ளேன்.

(ஒப்பம்) பாங் சொங்-உக்