ஆக்ராய்டின் கடிகாரத்துக்கு ஒரு சக்கரம்

பல்சக்கரம் வெட்டுவதில் கடினமானது வெட்டுவது அன்று. எம்முறையில் வெட்டுவது என்று முடிவெடுப்பதுதான். இங்கே ஹடர்ஸ்ஃபீல்டில் தோட்டத்துக் கொட்டகைக்குள் லேத் வைத்திருக்கும் எவரும் இதையே சொல்வார். ஒரு கருவியைச் செய்வதற்கான கருவியைச் செய்வதிலேயே குளிர்காலம் முழுவதும் கழிந்தாலும், சிறு இயந்திரங்கள் செய்வோரான எங்கள் சங்கத்தில் அதைத் தாமதம் என்று கருதுவதில்லை. சிரத்தை என்றே கருதுவார்கள். உங்கள் அப்பா கேட்ட சக்கரம் ஏன் வரவில்லை என்று நீங்கள் கேட்டீர்கள், மிஸ் ஆக்ராய்டு. கனடாவில் வாழும் உங்களுக்கு இந்த வழக்கம் மறந்திருக்கலாம் என்பதால் இங்கிருந்து தொடங்குகிறேன்.

உங்கள் அப்பா செய்துவந்த சுவர்க்கடிகாரத்தில் ஒரே ஒரு சக்கரம் மிச்சமிருந்தபோதுதான் கணையத்தில் புற்று என்று தெரிந்தது. கொட்டகைவரை நடக்க இயலவில்லை. பித்தளைத் தகட்டை என்னிடம் நீட்டினார்.

"நீ வெட்டிக் கொடு நார்மன். மாட்டுறதை நானே மாட்டிக்கிறேன். அது ஓடுற சத்தத்தை ஒரு தரம் கேட்டுட்டுக் கெளம்பிடுவேன்."

அச்சக்கரத்தின் பற்களை வெட்டக் கடையில் வாங்கிய ஆயத்த கட்டர் என் இழுப்பறையில் இருந்தது. ஒரு பிற்பகல் போதும். ஆனால் அது பல அளவுச் சக்கரங்களுக்குப் பொதுவானது. பல்லின் வளைவு மயிரிழை பிசகும். ஆகவே ஒற்றைப் பல் கட்டரை நானே தீட்டினேன். அதன் வளைவிலும் ஐயம் எழுந்தது. திருகு வடிவக் கட்டரும் தகடும் இசைந்து சுழல, பற்கள் தாமே உருவாகும் முறைதான் நேர்மையானது என்று தீர்மானித்தேன். அதற்குரிய சாதனம் என்னிடம் இல்லை; செய்யத் தொடங்கினேன். அந்தச் சாதனத்துக்கே சில பல்சக்கரங்கள் தேவைப்பட்டன.

நாள்தோறும் வந்து வரைபடங்களைக் கட்டிலில் விரித்துக் காட்டினேன். அவர் நெற்றி வியர்த்திருக்கும். போர்வையைப் பற்களால் கடித்திருப்பார்.

ஒருநாள் உங்கள் அம்மா வாசலில் என்னை நிறுத்தினார். "வலிக்குக் கொடுத்த மார்ஃபினைக் குடிச்சா கை நடுங்குதாம், நார்மன். சக்கரத்தை மாட்டினப்புறந்தான் அதைத் தொடுவேங்கிறார். ராத்திரியெல்லாம் கத்துறார்ப்பா. ஏதோ ஒரு சக்கரம் கொடேன். ஒரு மணி நேரம் ஓடினாப் போதும்."

"கிளிஃபர்டுக்குப் போய் ஏதோ ஒண்ணைக் கொடுக்க முடியுமா, ஈனிட்? அவருக்கே பிடிக்காதே," என்றேன்.

உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது: "அவனை விடுடி! அவசரப்படுத்தாதே. நான் இருக்கேன்."

இருந்தார். நான் கேட்க விரும்பிய சொல்லும் அதுவே.

காரணம் ஏதும் உண்டா என்பீர்கள். பல ஆண்டுகளுக்கு முன், சங்கத்துக் கண்காட்சியில், என் நீராவி இயந்திரத்தின் சக்கரத்தைக் காதருகே வைத்துச் சுழற்றிய உங்கள் அப்பா, "இது சக்கரமா, காப்பிக்கொட்டை அரைக்கிற மில்லா? பொண்டாட்டிகிட்ட குடுத்துடு நார்மன், அவளுக்காவது உதவும்," என்றார். கூடமே சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். நான் கோபப்படவில்லை. கோபக்காரன் சுத்தியலை எடுப்பான். நான் நுண்ணளவுமானியை எடுத்தேன்.

கடைசி வாரம் அவர் பேச்சு குழறியது. "எப்போ?" என்று மட்டும் கேட்பார். "நாளைக்கு," என்பேன். மருந்துப் புட்டியை உங்கள் அம்மா எடுத்தால் தலையை அப்பால் திருப்பிக்கொள்வார். ஆயத்த கட்டரை ஒருநாள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அவர் முனகும்போது அதைப் பையின் துணிக்கு மேலாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாளை என்பது வராது என்று எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

அவர் ஒரு விடியலில் போனார். மருத்துவர் கணித்ததைவிட நெடுநாள் தாக்குப்பிடித்தது வியப்பு என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். சக்கரத்துக்காகத்தான் காத்திருந்தார் என்று உங்கள் அம்மாவும் சொன்னார். ஆகவே என்னை வெறுக்குமுன் இதையும் எண்ணிப்பாருங்கள்: அந்த நாட்களை அவருக்குக் கொடுத்தவன் நான், அவற்றில் ஒன்றில்கூட அவரைத் தனியே விட்டதில்லை.